சாய்ந்து விழுந்த வண்டி: ஏறி ஓட்டும் முன் பத்து நிமிடம்



இந்த இதழில் வண்டியைப் பற்றிப் பேசப் போகிறோம். பெரிய விபத்தைப் பற்றி இல்லை. வாய்க்கால் கரையில் திரும்பும்போது கால் வழுக்கி வண்டியோடு மெதுவாகச் சாய்ந்துவிடுவது, பால் கேனோடு ஸ்டாண்டு போட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பினால் பின்னால் ‘தடால்’ என்று சத்தம் கேட்பது, இந்த மாதிரி விழுவதைப் பற்றி. இதை யாரும் விபத்து என்று சொல்வதில்லை. புடவையைத் தட்டிவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, வண்டியைத் தூக்கி உடனே ஓட்டிக்கொண்டு போய்விடுகிறோம். அந்த அவசரத்தில்தான் ஆபத்து இருக்கிறது. விழுந்த இடத்தில் அடிபடாதவர், அடுத்த வளைவில் பிரேக் பிடிக்காமல் அடிபடுவார்.

லால்குடி பக்கத்தில் இன்று பெண்கள் வண்டி ஓட்டாத ஊர் கிடையாது. அன்பில், பூவாளூர், ஆங்கரை, மணக்கால், வாளாடி என்று எந்த ரோட்டில் நின்றாலும் பால் சொசைட்டிக்கும், வங்கிக்கும், குழுக் கூட்டத்துக்கும் போகிற பெண்களைப் பார்க்கலாம். முன்னால் வாழை இலைக் கட்டு, பின்னால் பிள்ளை. பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையில் 1991-ல் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போது அங்கே கலெக்டர். பொம்பளை சைக்கிள் ஓட்டினால் ஊர் சிரித்த காலம் அது. 2018 பிப்ரவரியில் தமிழக அரசு, வேலைக்குப் போகும் பெண்கள் ஸ்கூட்டர் வாங்குவதற்கு விலையில் பாதி, அதிகபட்சம் 25 ஆயிரம் ரூபாய் என்று மானியம் கொடுக்க ஆரம்பித்தது. பிறகு அந்தத் திட்டம் நின்றுபோனது. வண்டிகள் நிற்கவில்லை, ஓடிக்கொண்டிருக்கின்றன. வண்டி ஓட்ட நாம் கற்றுக்கொண்டோம். விழுந்த வண்டியைப் பார்த்து எது கெட்டிருக்கிறது என்று சொல்ல நமக்கு யாரும் கற்றுத் தரவில்லை. அதனால் ஒர்க்ஷாப்பில் என்ன சொன்னாலும் தலையாட்டிவிட்டு, குழுவில் உள்கடன் கேட்டு வந்து நிற்கிறோம்.

முதலில் நீங்க, அப்புறம் வண்டி

விழுந்ததும் முதல் வேலை சாவியை ஆஃப் செய்வது. வண்டி படுத்த நிலையில் இன்ஜின் ஓடினால் உள்ளே ஆயில் போகவேண்டிய இடத்துக்குப் போகாது. பின் சக்கரம் வேறு சுற்றிக்கொண்டே இருக்கும். முந்தானையோ துப்பட்டாவோ அதில் சிக்கலாம்.

அடுத்து மூக்கைப் பயன்படுத்துங்க. பெட்ரோல் வாடை வருகிறதா? படுத்த வண்டியில் டேங்க் மூடி வழியாகக் கொஞ்சம் கசியும். கார்பரேட்டர் வண்டியாக இருந்தால் சின்னக் குழாய் வழியாகவும் சொட்டும். பழைய எக்ஸ்.எல். போல பெட்ரோல் டேப் உள்ள வண்டி என்றால் டேப்பை மூடுங்க. உதவிக்கு வருகிற அண்ணன் கையில் பீடி இருந்தால், மரியாதை எல்லாம் பார்க்காமல் “அந்தப் பக்கம் போங்கண்ணே” என்று சொல்லிவிடுங்க. பெட்ரோல் பட்ட புடவையோடு வீட்டுக்குப் போய் அடுப்புப் பக்கம் நிற்காதீங்க.

சைலன்சர் காலில் பட்டுவிட்டால் உடனே குழாய்த் தண்ணீரை அந்த இடத்தில் 20 நிமிடம் விடாமல் ஊற்றுங்க. பேஸ்ட், இங்க், மாவு எதுவும் வேண்டாம். தலை தரையில் மோதியிருந்தால், வலி இல்லை என்றாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரியில் காட்டிவிட வேண்டும். வாந்தி, மயக்கம், குழப்பமான பேச்சு இருந்தால் 108-க்குப் போன் செய்யுங்க. வண்டி அங்கேயே கிடக்கட்டும்.

தூக்குவது எப்படி

நெல் கொள்முதல் நிலையத்தில் ஒரு சிப்பம் 40 கிலோ. எக்ஸ்.எல். 100 வண்டி அது போல இரண்டு சிப்பத்துக்கும் மேலே. ஆக்டிவா போன்ற ஸ்கூட்டர் 100 கிலோவைத் தாண்டும். ஸ்பிளெண்டர் 110 கிலோவுக்கும் மேல். இதை நாம் எப்படித் தூக்குகிறோம்? குனிந்து, ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்து, இடுப்பால் இழுக்கிறோம். மறுநாள் இடுப்பு பிடித்துக்கொள்கிறது.

வண்டிக்கு முதுகைக் காட்டி நில்லுங்க. கீழே கிடக்கிற கைப்பிடி சீட்டுப் பக்கமாக வரும்படி ஹேண்டிலை முழுக்கத் திருப்பிக்கொள்ளுங்க. சீட்டில் உங்க பின்பாகத்தைச் சாய்த்து, முழங்காலை மடக்கி உட்காருவது போல உட்காருங்க. ஒரு கையால் அந்தக் கைப்பிடியையும், இன்னொரு கையால் பின்சீட்டுக் கம்பியையும் பிடியுங்க. முதுகை நேராக வைத்து, தொடை பலத்தால் சின்னச் சின்ன அடியாகப் பின்னால் நடந்து எழுந்திருங்க. அமெரிக்காவில் 300 கிலோவுக்கும் மேலே எடையுள்ள மோட்டார் சைக்கிள் ஓட்டும் பெண்களும் இப்படித்தான் தூக்குகிறார்கள். பலம் கையில் இல்லை, தொடையில்தான் இருக்கிறது. நடவு நட்டுப் பழகிய நம்ம கால்களுக்கு இது பெரிய காரியமே இல்லை.

இரண்டு எச்சரிக்கை. வண்டி வலது பக்கம் விழுந்திருந்தால், தூக்கும் முன்பே இடது பக்கத்து சைடு ஸ்டாண்டைக் கீழே தள்ளிவிடுங்க. இல்லையென்றால் தூக்கின வேகத்தில் அந்தப் பக்கம் போய் விழும். கியர் வண்டி என்றால் முதல் கியரில் போட்டுக்கொள்ளுங்க. ஸ்கூட்டர் என்றால் சக்கரத்துக்கு ஒரு கல் வையுங்க. கர்ப்பமாக இருப்பவர்கள், கர்ப்பப்பை ஆபரேஷன் செய்தவர்கள், அடி இறக்கம் உள்ளவர்கள் தனியாகத் தூக்கவே கூடாது. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ரோட்டில் போகிற ஒரு தம்பியைக் கூப்பிட்டால் வந்து தூக்கிக் கொடுப்பார். கண்ணாடி, இண்டிகேட்டர் இவற்றைப் பிடித்துத் தூக்கச் சொல்லாதீங்க, விழுந்தபோது தப்பியது தூக்கும்போது உடையும்.

உயிர் சம்பந்தப்பட்ட மூன்று

வண்டி நிமிர்ந்துவிட்டது. உடனே ஸ்டார்ட் செய்யாதீங்க. சென்டர் ஸ்டாண்டு போட்டு, இன்ஜின் அணைந்த நிலையிலேயே மூன்றைப் பாருங்க: ஆக்சிலேட்டர், பிரேக், ஹேண்டில். இந்த மூன்றில் ஒன்று சரியில்லை என்றாலும் வண்டியை ஓட்டக் கூடாது, தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். மற்றது எல்லாம் அப்புறம்.

ஆக்சிலேட்டரைத் திருகி விடுங்க. ‘டக்’ என்று தானாகத் திரும்பி வர வேண்டும். மெதுவாக வந்தாலோ, பாதியில் நின்றாலோ ஸ்டார்ட் செய்யவே கூடாது. வலது பக்கம் விழுந்த வண்டியில் கைப்பிடி உள்பக்கமாகத் தள்ளப்பட்டு உரசிக்கொண்டு நிற்கும். அல்லது கேபிள் மடங்கியிருக்கும். ஹேண்டிலை முழுக்க இடது பக்கம் திருப்பி ஒரு தடவை, வலது பக்கம் திருப்பி ஒரு தடவை இதே சோதனையைச் செய்யுங்க. நேராக இருக்கும்போது சரியாக இருந்து, திருப்பும்போது மட்டும் கேபிள் இழுபடுவதும் உண்டு. அப்படி இருந்தால், திருப்பத்தில் நீங்க வேகத்தைக் குறைக்க நினைப்பீங்க, வண்டி முறுக்கிக்கொண்டு பாயும்.

பிரேக். கையால் பிடிக்கிறதோ காலால் மிதிக்கிறதோ, ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னால் தள்ளிப் பாருங்க. சக்கரம் நிற்க வேண்டும். விட்டால் சக்கரம் தடையில்லாமல் சுற்ற வேண்டும். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த 125 சிசி வரையுள்ள வண்டிகளில் பெரும்பாலும் பின் பிரேக்கைப் பிடித்தாலே முன் பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும். அந்த ஒரு லீவர் வளைந்தால் இரண்டு சக்கரத்துக்கும் பாதிப்பு என்பதை மனதில் வையுங்க.

லீவர் வளைந்திருந்தால் கட்டிங் பிளேயரால் நிமிர்த்த வேண்டாம். அது அலுமினிய வார்ப்பு. பார்க்க நிமிர்ந்துவிடும். ஆனால் வளைந்த இடத்தில் மயிரிழை போல விரிசல் விட்டிருக்கும். ஒரு நாள் நாய் குறுக்கே ஓடிவர, நீங்க இறுக்கிப் பிடிக்கும்போது கையோடு வந்துவிடும். லீவர் மலிவான சாமான், மாற்றிவிடுங்க. நுனியில் உள்ள உருண்டை மட்டும் உடைந்து, மீதி நீளம் விரல்களுக்குப் போதுமானதாக இருந்தால், வீடு போய்ச் சேரும்வரை ஓட்டலாம்.

வளைவா, முறுக்கா?

இனி வருவதுதான் அதிகம் காசு கரைகிற இடம். அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்க.

விழுந்த பிறகு வண்டியில் உட்கார்ந்து பார்த்தால், சக்கரம் நேராக இருக்கும், ஹேண்டில் மட்டும் ஒரு பக்கம் திரும்பியிருக்கும். அல்லது ஹேண்டிலை நேராகப் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் போகும். ஒர்க்ஷாப்புக்குப் போனால் “ஃபோர்க் பெண்டு ஆயிடுச்சுக்கா, மாத்தணும்” என்பார்கள். சில சமயம் அது உண்மை. பல சமயம் இல்லை.

முன் சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கிற இரண்டு குழாய்கள்தான் ஃபோர்க். அந்தக் குழாய்களை மேலேயும் கீழேயும் தட்டுகள் போல்ட் போட்டு இறுக்கிப் பிடித்திருக்கின்றன. வண்டி சாயும்போது ஹேண்டில் தரையில் குத்துகிறது. குழாய்கள் வளைவதற்கு முன்னால், அந்தப் பிடிப்புக்குள் கொஞ்சம் வழுக்கி முறுக்கிக்கொள்கின்றன. கட்டில் காலை ஒரு பக்கம் இழுத்தால் கட்டிலே கோணிக்கொண்டு நிற்கிறது இல்லையா, கால் எதுவும் உடையாமலே? அதே சங்கதி. இதுதான் முறுக்கு. முறுக்கு என்றால் ஸ்பேனர் வேலை. வளைவு என்றால் சாமான் வாங்கும் வேலை. செலவில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம்.

இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி சொல்கிறோம். ஈர மண்ணோ, மெல்லிய மணலோ உள்ள சமதரையைத் தேடுங்க. நம்ம ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. வண்டியை நேர்க்கோட்டில் பத்து அடி தள்ளிக்கொண்டு போங்க. திரும்பி வந்து டயர் தடத்தைப் பாருங்க. முன் டயர் போட்ட தடத்தின் மேலேயே பின் டயர் தடம் விழுந்திருந்தால் இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் இருக்கின்றன. ஹேண்டில் கோணலாக இருந்தும் தடம் ஒன்றாக விழுந்தால் அது பெரும்பாலும் முறுக்குதான். இரண்டு தடமும் விலகி, ரயில் தண்டவாளம் மாதிரி பக்கத்தில் பக்கத்தில் விழுந்திருந்தால் ஃபோர்க்கோ சேஸோ வளைந்திருக்கலாம்.

இதோடு இன்னும் இரண்டு பாருங்க. முன்னால் பத்தடி தள்ளிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தால் இரண்டு குழாய்களும் ஒன்றுக்கொன்று சமமாகத் தெரிய வேண்டும். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டிலைக் கீழே அழுத்தினால், வழுவழுவென்று இறங்கி ஏற வேண்டும். நடுவில் சிக்கினாலோ, குழாயில் ஆயில் வழிந்தாலோ, முன் சக்கரம் இன்ஜின் பக்கம் நெருங்கி வந்தது போலத் தெரிந்தாலோ மெக்கானிக் சொன்னது சரி. சும்மா நின்ற வண்டி சாய்ந்து இந்த அளவுக்கு ஆவது அபூர்வம். சுவரிலோ மைல் கல்லிலோ நேராக மோதினால்தான் ஆகும்.

முறுக்கு எடுப்பது இப்படி. வண்டிக்கு முன்னால் நின்று முன் சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொள்ள வேண்டும். தட்டு போல்ட்டுகளையும் சக்கர ஆக்சில் நட்டையும் அரைச் சுற்று மட்டும் தளர்த்த வேண்டும், கழற்றக் கூடாது. ஹேண்டிலைப் பிடித்து நேராகும்வரை திருப்ப வேண்டும். பிறகு முன் பிரேக்கைப் பிடித்து நாலு தடவை அழுத்தி, குழாய்களைத் தம் இடத்தில் உட்கார வைத்து, எல்லாவற்றையும் இறுக்க வேண்டும். அரை மணி வேலைகூட இல்லை. உங்களால் முடியும் என்றாலும் இறுக்குவதை மெக்கானிக்கிடமே விடுங்க. முன் சக்கரத்தின் உயிரே அந்த போல்ட்டுகளில்தான் இருக்கிறது. ஸ்கூட்டர்களில் ஹேண்டில் பிடிப்பு பிளாஸ்டிக் கவருக்குள் இருப்பதால் கவரைக் கழற்றித்தான் பார்க்க முடியும், அதுவும் கடை வேலைதான். ஆனால் கடைக்குள் போகும்போது நீங்க சொல்ல வேண்டிய வார்த்தை இதுதான்: “தம்பி, மாத்தறதுக்கு முன்னாடி போல்ட்டைத் தளர்த்தி, நேரா வருதான்னு என் முன்னாடி பாருங்க.” நேராக வந்துவிட்டால் பேச்சே முடிந்தது.

ஸ்டார்ட் ஆகவில்லை என்றால்

மூன்றும் சரியாக இருந்தால் ஐந்து நிமிடம் வண்டியை நிமிர்த்தியே வையுங்க. உள்ளே இடம் மாறின ஆயிலும் பெட்ரோலும் கீழே இறங்கட்டும். வண்டிக்கு அடியில் தரையைப் பாருங்க, ஏதாவது சொட்டுகிறதா? கறுப்பாக, வழவழப்பாக இருந்தால் இன்ஜின் ஆயில். சொட்டு நிற்கவில்லை என்றால் ஸ்டார்ட் செய்யாதீங்க.

கார்பரேட்டர் வண்டியில் பெட்ரோல் அதிகமாகப் போய் பிளக் நனைந்திருக்கும். சோக் போடாதீங்க, அது இன்னும் பெட்ரோலைத்தான் இழுக்கும். டேப்பை மூடி, ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகிப் பிடித்துக்கொண்டு ஏழெட்டு உதை உதையுங்க. நனைந்தது காயும். நிமிர்த்திய பிறகும் பெட்ரோல் சொட்டிக்கொண்டே இருந்தால், கார்பரேட்டருக்குள் மிதவை சிக்கியிருக்கும். ஸ்குரூ டிரைவர் கைப்பிடியால் அதன் அடிக் கிண்ணத்தை மெல்லத் தட்டினால் பல சமயம் விட்டுவிடும். கிக்கர் கல் மாதிரி இறங்காமல் நின்றால் ஏறி மிதிக்காதீங்க. சிலிண்டருக்குள் ஆயிலோ பெட்ரோலோ தேங்கியிருக்கலாம். பிளக்கைக் கழற்றித்தான் அதை வெளியேற்ற வேண்டும்.

2020 ஏப்ரலிலிருந்து வந்த பிஎஸ்-6 வண்டிகள் பெரும்பாலும் கார்பரேட்டர் இல்லாதவை. அவற்றில் சில வண்டிகளில், சாய்ந்தால் இன்ஜினைத் தானாக நிறுத்தும் சென்சார் இருக்கிறது. வண்டியை நிமிர்த்தி எத்தனை தடவை பட்டனை அழுத்தினாலும் ஸ்டார்ட் ஆகாது. சாவியை ஆஃப் செய்து, கொஞ்சம் பொறுத்து, மறுபடி ஆன் செய்தால் கிளம்பிவிடும். இது தெரியாமல் ஆட்டோவில் ஏற்றிக் கடைக்குக் கொண்டு போகிறவர்கள் உண்டு. கடையிலும் சாவியை ஒரு தடவை ஆஃப் செய்து ஆன் செய்வதுதான் வேலை.

கிளம்பியதும் ஒரு நிமிடம் வெள்ளைப் புகை வந்தால் பயப்பட வேண்டாம். ஏர் ஃபில்டர் பக்கம் ஏறின ஆயில் எரிகிறது. ஐந்து நிமிடம் ஆகியும் நிற்கவில்லை என்றால் காட்டுங்க. ஆயில் அளவையும் சமதரையில் பார்த்துவிடுங்க.

வீட்டுக்காரருடைய கியர் வண்டியை எடுத்துப் போய் இடது பக்கம் விழுந்தால் கியர் லீவர் உள்பக்கம் வளைந்து இன்ஜின் மேல் ஒட்டிக்கொள்ளும். இது இரும்பு, நிமிர்த்தலாம். ஆனால் வண்டியில் இருக்கும்போதே சுத்தியால் அடித்தால் உள்ளே போகிற தண்டும் ஆயில் சீலும் கெடும். அந்த ஒரு லீவரை மட்டும் கழற்றி, வைஸில் வைத்து நிமிர்த்தி மாட்டச் சொல்லுங்க. வலது பக்கம் விழுந்தால் பிரேக் பெடல் இதே மாதிரி வளையும்.

எது காத்திருக்கும்

உடைந்த இண்டிகேட்டர், கீறின மட்கார்டு, விரிந்த பிளாஸ்டிக் பேனல், தேய்ந்த கைப்பிடி ரப்பர் இவை எல்லாம் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம். பின் பிரேக் லைட் எரிகிறதா என்பதை மட்டும் அன்றைக்கே பாருங்க. லீவர் அடிபட்டால் அதை ஒட்டியுள்ள சுவிட்சும் போயிருக்கும், பின்னால் வருகிற மணல் லாரிக்கு நீங்க நிற்பது தெரியாது. கண்ணாடியும் காத்திருக்கக் கூடாது. திருச்சி - சிதம்பரம் மெயின் ரோட்டில் ஏறுகிறவர்களுக்கு அது இன்னொரு கண். இரவில் ஓட்டுகிறவர்கள் ஹெட்லைட் வெளிச்சம் ரோட்டில் விழுகிறதா, மரத்தில் விழுகிறதா என்று சுவர் முன்னால் நிறுத்திப் பாருங்க.

கடையில் பேசும்போது மேலே சொன்ன மூன்றையும் முதலில் தனியாகக் கேளுங்க, அழகுக்கான வேலையைத் தனியாகக் கேளுங்க. “மொத்தமா எவ்வளவு?” என்று கேட்டால் மொத்தமாகத்தான் பதில் வரும். மாற்றின பழைய சாமானைக் கையில் வாங்கிக்கொள்ளுங்க. புது சாமான் வந்த அட்டைப் பெட்டியிலோ கவரிலோ விலை அச்சடித்திருக்கும், அதைப் பார்த்துத்தான் கொடுங்க. நல்ல மெக்கானிக் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார். நம்ம பகுதியில் நல்லவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். கேள்வி கேட்கிறவரிடம் அவர்களும் கொஞ்சம் கவனமாகவே வேலை செய்வார்கள்.

இன்சூரன்ஸ் தாளை எடுத்துப் பாருங்க

பலர் கட்டியிருப்பது ‘தேர்டு பார்ட்டி’ மட்டும். அதில் அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்குத்தான் பணம் வரும். நம்ம வண்டி தானாக விழுந்ததற்குப் பைசா வராது. முழு பாலிசி இருந்தால் வரும். ஆனால் பிளாஸ்டிக், ரப்பர் சாமான்களுக்குச் சாதாரண பாலிசியில் பாதிதான் கணக்கு. கிளெய்ம் எடுக்காத வருடங்களுக்காக, சொந்த வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்தில் 20 சதவீதத்தில் ஆரம்பித்து 50 சதவீதம் வரை கிடைக்கிற தள்ளுபடியும் போய்விடும். ஒரு லீவருக்கும் கண்ணாடிக்கும் கிளெய்ம் போடுவது நஷ்டக் கணக்கு.

அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. வண்டி இன்சூரன்ஸோடு சேர்த்து வருகிற 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு, வண்டியின் சொந்தக்காரர் ஓட்டும்போது அவருக்கு மட்டும்தான். அவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸும் இருக்க வேண்டும். ஆர்சி புத்தகத்தில் கணவர் பெயர், தினமும் ஓட்டுவது நீங்க என்றால், உங்களுக்கு ஒன்று ஆனால் அந்தக் காப்பீடு கிடைக்காது. தவணை கட்டுவது நாம், உரிமை அவர் பெயரில். அடுத்த தடவை குழுக் கடனில் வண்டி வாங்கும்போது யார் பெயரில் பதிகிறோம் என்று யோசியுங்க. இப்போதே அவர் பெயரில் இருந்தால், உங்களுக்கென்று தனியாக விபத்துக் காப்பீடு எடுக்க வங்கியில் கேளுங்க. லைசென்ஸையும் பாருங்க. கியர் இல்லாத வண்டிக்கு எடுத்த லைசென்ஸில் கியர் வண்டி ஓட்டினால், லைசென்ஸ் இல்லாதவர் கணக்குதான்.

விழாமல் இருக்க

நம்ம பக்கத்தில் வண்டி சாய்வதற்கு முக்கால்வாசிக் காரணம் மண்தான். கொள்ளிடக் கரை வண்டலும், புள்ளம்பாடிப் பக்கத்துக் கரிசலும் மழை பட்டால் ஸ்டாண்டை விழுங்கிவிடும். போட்டபோது நிற்கும், கால் மணி கழித்து ஸ்டாண்டு இறங்கி வண்டி படுக்கும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வண்டியில் ஒரு தட்டைக் கல்லோ, கையகலப் பலகைத் துண்டோ வைத்துக்கொள்ளுங்க. சைடு ஸ்டாண்டுக்கு அடியில் அதைப் போட்டால் இறங்காது. சரிவில் நிறுத்தும்போது வண்டி மேட்டைப் பார்த்து நிற்கட்டும். பள்ளத்தைப் பார்த்து நின்றால் வண்டி தானாக உருண்டு ஸ்டாண்டு மடங்கிவிடும். பாரம் இருக்கும்போது சென்டர் ஸ்டாண்டுதான். இரண்டு கேன் இருந்தால், ஒரு கேனை இறக்கிவிட்டு மற்றதை ஒரு பக்கமாகத் தொங்கவிடாதீங்க. இறக்கினால் இரண்டையும் இறக்குங்க.

குழுவுக்கு ஒரு பையில் 10, 12, 14 நம்பர் ஸ்பேனர், பிளக் ஸ்பேனர், ஸ்குரூ டிரைவர், கட்டிங் பிளேயர், கொஞ்சம் கட்டுக்கம்பி, இன்சுலேஷன் டேப் வாங்கி வைக்கலாம். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும் வண்டிகளில் ஒன்றை நடுவில் நிறுத்தி, ஆக்சிலேட்டர் ‘டக்’ என்று வருகிறதா என்பதிலிருந்து ஆரம்பித்து எல்லோரும் ஒரு தடவை கை வைத்துப் பாருங்க. சைலன்சர் ஆறின பிறகு.